துடைப்பத்துக்கு முட்டு

முன்பு குடியிருந்த ஜபீனா
விட்டுப்போன தொட்டி.
உள்ளே கட்டிமண், ஒரு பீடித்துண்டு,
வெங்காயம் மாதிரி ஏதோ ஒன்று.
மாடிப்படி ஓரத்தில்
துடைப்பம் சரியாமலிருக்க
முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசி.
சத்துவாச்சாரி மலைப்பாறை
காலை ஏழுக்கே அடுப்புக்கல்.
குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்.
எதிர்வீட்டு ரோஜா காகிதமாகிவிட்டது;
மல்லி மட்டும்
வெயிலைத் தின்று தின்று
பறிக்க ஆளில்லாமல் பூக்கிறது.

இன்று பெருக்கப் போனால்
இலையே இல்லாத ஒற்றைத் தண்டு.
உச்சியில்
தேங்காய்ப் பருமனுக்குச் சிவப்புப் பந்து,
இழைக்கு இழை நுனியில் மஞ்சள் பொடி.
வெடித்த வாணத்தை
யாரோ பாதியில் நிறுத்தச் சொன்னது போல.

படமெடுத்து ஓசூருக்கு அனுப்பினேன்.
“நாலு வருஷம் ஊத்தினேன், வெறும் இலைதான்.
வெள்ளைன்னு சொல்லி வித்தான் அந்த வண்டிக்காரன்”
என்று வந்தது.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
“நீங்க என்ன போட்டீங்க?”

பீடித்துண்டைப் பொறுக்கி எறிந்தேன்.

அரிசி களைஞ்ச தண்ணி
என்று எழுதி அனுப்பிவிட்டு
துடைப்பத்தை
வேறு மூலையில் சாத்தினேன்.