இதர

ஏப்ரல் ஒன்று. முட்டாள்கள் தினமென்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மண்ணடி நெய்னா மரைன் ஸ்டோர்ஸ்
காலை ஒன்பதேகாலுக்குப் புதிய மென்பொருளுக்குள் குடிபுகுந்தது.
கணினி மேல் யாரோ வைத்த மல்லிச் சரத்தை
காற்றுத் துளை அடைக்குமென்று விவின் எடுத்துவிட்டார்.

அதற்கு முன் மூன்று மாதம்
பொருள்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.
முக்கால் அங்குல போல்ட் ஒன்றுக்கு
எங்கள் கடையில் ஒன்பது பெயர்:
மூக்கன், கட்டை மூக்கன், பம்பாய் மூக்கன்,
தேசிங்கு கேட்பது,
தேசிங்கு கேட்டது இல்லையென்றால் கொடுப்பது.
'ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், ஜெசிந்தா மேடம்'
சோழிங்கநல்லூரிலிருந்து போனில் சிரித்தார் விவின்.
பதினோராயிரத்து நானூறு வரிகள்.
ராத்திரி கண்ணை மூடினால் சாம்பல் கட்டங்கள்,
கொசுகூட கட்டம் விட்டுக் கட்டம்தான் தாவியது.

கணினி பொய் சொல்லாது என்றார்கள்.
அது சொன்ன முதல் உண்மை:
நைலான் கயிறு, கணக்கில் எண்பது சுருள்.
கிடங்கில் எண்ணினால் நாற்பத்திரண்டு.
முதலாளியின் மைத்துனர் அன்று முழுக்க
போனில் பேசிக்கொண்டே இருந்தார்,
மறுமுனையில் ஆளே இல்லாமல்.
பழைய நோட்டில் அதற்கு ஒரு வரி உண்டு,
'பார்த்துக்கலாம்'.
என் கையெழுத்துதான்.

ஏப்ரல் பதினைந்து. தடைக்காலம்.
காசிமேட்டில் விசைப்படகுகள் ஓய்ந்தன.
வருமானம் நின்ற அறுபத்தோரு நாளில்தான்
பலகை மாற்றுவார்கள், ஷாஃப்ட் கழற்றுவார்கள்,
படகுக்குப் புதுச்சட்டை போடுவார்கள்.
கடலோரம் காசு வற்றும்போது
எங்கள் கல்லாவில் கடன் பொங்கும்.
பணம் ஜூலையில் வரும்,
ஐஸ் ஈரத்தோடு, செதில் ஒட்டிய நோட்டாக.

தேசிங்கு வந்தார். பித்தளை புரொப்பல்லர் ஒன்று,
கிரீஸ், நாற்பது மூக்கன்.
திரை சிவந்தது:
கடன் வரம்பு மீறல். நாற்பத்தைந்து நாள்.
'இன்னா மேடம், உன் பொட்டி என்னப் பாத்து மொறைக்குது?'

காரணம் தேர்ந்தெடுக்கவும் என்றது.
சேதம். விலைப் பிழை. திருப்பி வந்தது. இதர.
கடலுக்குப் போக விடாததால் என்று ஒன்று இல்லை.
இதரவை அழுத்தினேன்.
பொட்டி வழிவிட்டது.

வழி தெரிந்துவிட்டால் விடுவோமா!
நாகூரான் கடன் இதர. எல்லப்பன் கடன் இதர.
லாரிக்காரர் சாப்பாடு, எலி கடித்த வலை,
கடைசியில் அந்த முப்பத்தெட்டுச் சுருளும்
இதர.

மாதக் கடைசி. வட்டப் படத்தில்
அறுபத்து மூன்று சதவீதம் ஆரஞ்சு.
முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'உள்ளே என்ன மேடம் இருக்கு?' என்றார் விவின்.

அவர்மேல் பழி போட முடியாது.
ஜனவரியிலேயே கேட்டார்: உங்க நடைமுறை என்ன?
எல்லாக் கடையும் போலத்தான் என்றேன்.
மூச்சு விடுவதை
யார் நடைமுறை என்று எழுதிக் கொடுப்பார்கள்?

ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன்.
கரையேறிய படகின் வயிற்றுக்குக் கீழே நின்று
அண்ணாந்து பார்த்தார்.
சட்டைக் கையில் பச்சை பெயின்ட்.
'வருஷா வருஷம் இதே தேதியா?'
'மீன் முட்டையிடற தேதி சார்,' என்றார் தேசிங்கு,
'அத்த போய் மாத்தச் சொல்றியா?'

இப்போது ஒரு புதுக் கட்டம் இருக்கிறது: பருவக் கடன்.
தேசிங்கு இன்னமும் மூக்கன் என்றுதான் கேட்கிறார்.
நான் எட்டு எண் தட்டுகிறேன்.
போல்ட் வந்துவிடுகிறது.

இதர பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.
நேற்று அதற்குள் போய்
அந்தக் கயிற்றைச் சரியான பெயரில் எழுதப் பார்த்தேன்.
உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை.
மைத்துனருக்கு இருக்கிறது.