சிவப்புக் குழாயில் குளிர்ந்த நீர்

அஜ்மானில் ஜூலை மாதம்
நீலக் குழாய் சுடும். சிவப்புக் குழாய் குளிரும்.
மொட்டைமாடி டேங்க் பகலெல்லாம் வெந்துகொண்டிருக்க
மே மாதமே அணைத்துவைத்த ஹீட்டர்
குளியலறைக் கூரையடியில்
தன் ஐம்பது லிட்டரையும் ஆறவைத்துக்கொண்டிருக்கும்.
வந்து ஆறு வருடம், இது எனக்குத் தெரியும்.
குளிப்பதற்குத் தெரியும்.

தொட்டி, குப்பைத் தொட்டி ஓரம் கிடைத்தது.
விசா முடிந்த ஏதோ குடும்பம் விட்டுப்போனது,
கண்ணாடி மூலையில் பாதி உரித்த நட்சத்திர ஸ்டிக்கர்.
ஜெபராஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
நூற்றிருபது லிட்டர்.
நான்கு பேர் அறையில் சிமெண்ட் கல் அடுக்கி
நெஞ்சுயரத்தில் வைத்தோம்.
என் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

வாளி என்றால் பத்து நடை.
முற்றத்தில் குல் ஜமானின் பச்சை ஹோஸ்
பேரீச்சை நிழல் எட்டாத இடத்தில் சுருண்டு கிடந்தது.
ஜன்னல் வழியாக இழுத்து உள்ளே விட்டேன்.
முதலில் வந்தது தண்ணீர் இல்லை,
வெயில்.
பிளாஸ்டிக் நாறும் வெயில்.
ஒன்பது குப்பி, ஒரு கறுப்பு மோலி.
நான் கை நீட்டிப் பார்த்திருக்கவில்லை.

ஜன்னல் கம்பிக்கு அந்தப்புறம் குல் ஜமான்
அவன் உருதுவில், கோபமாக:
"வெண்டைச் செடிக்கே முதல் தண்ணி விடமாட்டேன்.
வெறும் மண்ணுல ஊத்திட்டு
அப்புறம்தான் செடிப் பக்கம் திருப்புவேன்."
என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
நான் பதில் சொல்லவில்லை.
அந்தப் பத்தையும் அவன்தான் வெண்டைக்குப் புதைத்தான்.

அடுத்த சம்பளத்தில்
குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை ஹோஸ், இருபத்தெட்டு திர்ஹம்.
மாட்டுவது சிவப்புக் குழாயில்.
முதல் இரண்டு வாளி தரை கழுவ.
கடலிலிருந்து உப்பை எடுத்துவிட்டு
குளோரினைப் போட்டு அனுப்புகிறார்கள் நமக்கு,
அதை முறிக்கும் துளிமருந்தை
புது நீருக்கு மட்டும் கணக்குப் பண்ணாமல்
தொட்டி முழுமைக்கும் அளந்து, முதலிலேயே.
மணல் கலையாமலிருக்க அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு,
தண்ணீர் அதில் விழுந்து மெல்லப் பரவும்.
மூன்றில் ஒரு பங்குதான் மாற்றுவது.
அதற்கு ஹீட்டர் தாங்கும்.

அதற்கெல்லாம் முன்னால் மணிக்கட்டின் உள்பக்கம்.
பழைய நீர் ஒரு சொட்டு, புது நீர் ஒரு சொட்டு.
வீடியோ காலில் பர்வீன் கேட்டாள்,
கையில என்ன?
சூடு பாக்கிறேன், மீனுக்கு.
அவள் சிரிக்கவில்லை. தன் மணிக்கட்டைத் திருப்பி
திரைக்கு அருகே காட்டினாள்.
ஒரு வெள்ளைச் சொட்டு.
பதினோரு மாதம் ஆகிறது மகளுக்கு.
நெட் அறுந்து அந்தச் சொட்டிலேயே நின்றது.

ஒரு நாள் ஹோஸின் வாயைத்
தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.
மாடியில் டேங்க் காலி.
ஜெபராஜ் வாஷ்பேசினில் சிவப்பைத் திறந்திருக்கிறான்.
தொட்டித் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிட்டது.
வாய் கொப்பளிக்க ஏந்திய கையில்
கண் மட்டுமேயான ஒரு குஞ்சு.
அவன் கையை உதறவில்லை.
பற்பசை நுரை தாடையில் வழிய
குவித்த கையோடு நடந்து வந்தான்,
ஹாலில் சீட்டாடுகிறவர்களைத் தாண்டி,
வழி விடுங்கப்பா வழி விடுங்க என்று,
கல்யாணப் பந்தியில் பாயசம் கொண்டுவருபவன் மாதிரி.
அது பிழைத்ததா தெரியாது.
குஞ்சுகளில் எது அது என்று எப்படிச் சொல்ல.

இப்போது ஹோஸ் நுனி
நீருக்கு நான்கு விரல் மேலே,
துணிக் கிளிப்பில் பிடித்து நிற்கிறது.
நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
அங்கே இங்கே போவதில்லை.
உயரத்திலிருந்து விழுவதால் சத்தம் கொஞ்சம் கூடுதல்.
நைட் டூட்டி முடித்துத் தூங்கும் செல்லையா
போர்வைக்குள் புரண்டார்.
"மழையா?"
"இல்லண்ணே. சிவப்புக் குழாய்."
"ம்" என்றார்,
இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல.