மற்றவை

கோவையிலிருந்து பார்சலில் வந்தது டேப்.
கார்பன் தாள் வைத்த ஆர்டர் புத்தகங்களை
எழுதாத பக்கங்களோடு
திருப்பித் தரச் சொன்னார்கள்.
ஒன்றை மட்டும் தரவில்லை.
மணலில் வண்டியை நிறுத்தும்போது
ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க
அதைவிடத் தோதான கனம் வேறில்லை.

கடைக்கு ஐம்பது மீட்டருக்குள் நான் நின்றால்தான்
பச்சைப் பொத்தான் கண் விழிக்கும்.
ஐம்பத்தோராவது மீட்டரில்
நான் ஹெல்மெட் போட்ட யாரோ.

சேரான்கோட்டையில் ஒருநாள்
சிக்னல் தானாக அக்கரைக்குத் தாவியது.
'இலங்கைக்கு நல்வரவு' என்றது குறுஞ்செய்தி.
மதுரையிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார்:
"என்னய்யா, கடலுக்குள்ள நிக்கிற?"
குனிந்து பார்த்தேன்.
செருப்பில் ஈரம்கூட இல்லை.
வரைபடத்தில் என் புள்ளி
நீலத்துக்குள் நின்றது,
படகும் இல்லாமல், டோக்கனும் இல்லாமல்.

யாரும் வாங்காவிட்டால்
ஆப் சும்மா விடாது. காரணம் கேட்கும்.
விலை அதிகம்.
இருப்பு உள்ளது.
கடை பூட்டு.
வேறு கம்பெனி.
மற்றவை.

நாலு நாளாய்க் கச்சான் காற்று: மற்றவை.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு: மற்றவை.
அறுபத்தோரு நாள் தடைக்காலம்,
அந்த மாதமும் டார்கெட் குறையாத மாதம்: மற்றவை.
பிரிஜித்தாள் மகளுக்கு நர்சிங் பீஸ் கட்டிய வாரம்,
அதுவும் மற்றவை.
சூசைமரியான் எட்டுக் கட்டு நண்டு வலை வாங்கி,
வலையோடும் வல்லத்தோடும்
அக்கரைக் காவலில் இருப்பது
மற்றவை.

மாதக் கூட்டத்தில் திரையில் ஒரு வட்டம் விரிந்தது.
பாதிக்கு மேல் சாம்பல் நிறம்.
"ராமநாதபுரம் ரூட்ல இந்த மற்றவைன்னா என்னப்பா?"
காற்றிலிருந்து ஆரம்பித்தேன்.
வாடைக்கும் கொண்டலுக்கும் வருவதற்குள்
சாப்பாடு வந்துவிட்டது.

அடுத்த அப்டேட்டில்
மற்றவை இல்லை.

இப்போது வாங்காதவர்கள் எல்லோரிடமும்
'இருப்பு உள்ளது'.
மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும்
வீட்டுக்கு வீடு வலை குவிந்து கிடக்கிறது என்று
கோவையில் ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார்.
அவர் கடலைப் பார்த்திருக்கிறாரோ என்னவோ.
நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும்.
பண்டிகை வாழ்த்தெல்லாம்
தவறாமல் ஆப்பில் வருகிறது.

தை மாதம் கடைக்காரர்களுக்கே தனி ஆப் வந்தது.
தங்கச்சிமடத்துப் பிரிஜித்தாள்
ஷட்டரை இறக்கிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு,
கண்ணி அளவைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து
தானே ஆர்டர் போடுகிறாள்.
இரண்டு சதவீதம் தள்ளுபடி.
என்னிடம் கேட்டால் முக்கால்தான் தருவேன்,
அதையும் பேசிப் பேசித்தான்.

"இது ஒங்க கணக்குல சேருமா தம்பி?"
சேராது என்றேன்.
கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள்.
கூடையிலிருந்து மிதவையை எடுத்தாள்.
ஈயக்குண்டையும் எடுத்தாள்.
"இது ரெண்டையும் நீங்க போட்டுக்கங்க.
தள்ளுபடி கெடக்கு."

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
ஐம்பது மீட்டருக்குள் நின்று
உறுதி செய்தேன்.
பச்சை விழித்தது. டேப் கைதட்டியது.
உண்மையாகவே கைதட்டும் சத்தம்,
யாரோ உட்கார்ந்து பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.
பக்கத்துக் கடை ஐஸ்காரர்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது வழக்கம்போல் மேலே வந்தது:
"சூசைமரியான் கடைசியாக வாங்கி
நாற்பத்தொன்பது நாள் ஆகிறது.
அதே ஆர்டரைத் திரும்ப அனுப்பலாமா?"

அவர் மனைவி ஞானதீபம்
மீன்துறை ஆபீசுக்குப் போகும் பஸ்ஸுக்காக
எதிர்ச்சாரியில் நின்றிருந்தாள்,
ஆதார் நகல்கள் வைத்த மஞ்சள் பையோடு.
என்னைப் பார்த்தாள்.
பாக்கி கேட்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

கீழே இரண்டே பொத்தான்.
ஆம். பிறகு.

பிறகு என்று அழுத்தினேன்,
நேற்றுப் போல, முந்தாநாள் போல.
வண்டியை எடுத்தபோது
ஆர்டர் புத்தகம்
மணலில் பாதி இறங்கியிருந்தது.