அரைச் சுற்று

ஞாயிறு காலை எட்டு மணிக்குப்
பதிவேட்டில் கையெழுத்து வைத்தால்தான்
என் துப்பாக்கியை என்னிடம் தருவார் மிஸ்டர் ஊய்.
லைசென்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்,
ஆறு வருடமாய்ப் பார்க்கிற முகத்தையும் ஒருமுறை.
பிறகுதான் இரும்பு அலமாரி திறக்கும்.
நாலரைக் கிலோ.
பினாங்கின் ஈரம் ஒரு வாரமாய்த் தடவிக்கொண்டிருந்த குழல்.

மற்ற நாளெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நுண்ணோக்கிக்குள் குனிந்து
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பி
ஒட்டியதா விட்டதா என்று பார்க்கிறவள் நான்.
கண்ணுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்றுதான்
இதில் சேர்ந்தேன்.
சிரிக்க வேண்டாம்.

போன மாதம் பிடித்தது சனி.
பத்து மீட்டர் தூரத்தில்
ஒரே ஓட்டைக்குள் ஐந்து குண்டு நுழைத்த குழல்,
இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று,
சொல்லாமல் கொள்ளாமல் ஏழாம் வளையத்தில் ஒன்று
என்று புள்ளி வைக்க ஆரம்பித்தது.

முதலில் குண்டுகளைச் சந்தேகித்தேன்.
டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாய் நிறுத்து,
ஈயப் பாவாடை நெளிந்தவற்றை ஒதுக்கினேன்.
நான்கு புள்ளி நான்கு ஒன்பதா, நான்கு புள்ளி ஐந்தா?
அந்தக் கேள்வியில் ஒரு ஞாயிறு கரைந்தது.

அடுத்து சுருள்வில்.
பட்டறை மேசையில் இடுக்கியை இறுக்கி
மரை மரையாய் விட்டுக்கொடுத்தேன்.
அவசரப்பட்டால் முகத்துக்கே வரும்.
பிஸ்டன் முனையில் இருந்த வளையம்
நமுத்த பிஸ்கட்டாய் உதிர்ந்தது.
புதியதைப் போட்டேன்.
எண்ணெய் ஒரு சொட்டு போதும்தான்;
எனக்குக் கை தாராளம்.
முதல் குண்டுக்கே டமாரென்று வெடித்துப் புகை.
மண்ணெண்ணெய் அடுப்பு வாசம்.
பக்கத்துத் தடத்தில் நின்ற ரொஹைடா
காதுமூடியைத் தூக்கி
"அக்கா, சண்டைக்கா போறீங்க?" என்றாள்,
பாதி மலாயில், பாதி என்னிடம் கற்ற தமிழில்.

துடைத்தேன். தார் போன்ற கிரீஸைக் கடுகளவு தடவினேன்.
கிண்ணென்று அதிர்ந்துகொண்டே இருந்த வில்
தொப்பென்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது.
வேகமானியில் எண்கள் வரிசை கட்டின:
நூற்றெழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.
தாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பட்சி இல்லை, பன்றி இல்லை, பரிசும் இல்லை,
காகிதத்தைச் சுட்டு என்ன காணப்போறே?"
கேட்டவர் சந்திரேசன், என் வீட்டுக்காரர்.
பாலத்தடியில் தூண்டில் போட்டு
அவர் வெறும் வாளியோடு திரும்பும் நாட்களை
நான் எண்ணிச் சொன்னதில்லை.

நாலாவது ஞாயிறு பேய்மழை.
தகரக் கூரைச் சத்தத்தில் யாரும் சுடவில்லை.
சும்மா துடைத்துக்கொண்டிருந்தபோது
கட்டையோடு குழலைச் சேர்க்கும் முன் திருகில்
கட்டை விரல் நகம் மாட்டியது.
அசைந்தது.
அரைச் சுற்று.
அவ்வளவுதான்.

ஊய் சிரிக்கவில்லை.
பதிவேட்டை இழுத்து, பழுது என்ற கட்டத்தில்
'ஸ்க்ரூ' என்று எழுதினார்.
யாருடைய ஸ்க்ரூ என்று எழுதவில்லை.

மழை விட்டதும் நின்றேன்.
விசையின் முதல் இழுப்பு ஒரு சுவரில் முட்டி நிற்கும்.
அதற்கப்பால் நூறு கிராம்,
ஒரு கைப்பிடி உளுந்தின் கனம்.
அங்கே நிற்கும்போது
மேற்பார்வையாளன் இல்லை, வீட்டுக் கடன் இல்லை,
நாடி ஒருமுறை தட்டி, மறுமுறை தட்டுவதற்குள்
ஒரு சின்ன காலி இடம்.
அதில் விரல் தானாக முடித்துக்கொள்ளும்.
ஐந்து முறை முடித்தது.
ஓட்டை ஒன்று.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு
குளுகோரில் நைனா முகமது கடைக்குப் போனேன்.
காலையில் சாமான் பட்டியல் எழுதியது
அதே தாளின் பின்பக்கத்தில் என்பது
அவர் படிக்கும்போதுதான் உறைத்தது.
உளுந்து, புளி, வரமிளகாய்...
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
"க... கு... நடுவுல எழுத்தைக் காணோமே, எங்கம்மா?"

"பத்துல இருக்கு," என்றேன்.
"கால் கிலோ போடுங்க."