முதலில் மொட்டை மாடி

மே மாதம். இரவு பதினொன்று.
சுவரில் கை வைத்தால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
மூன்றாம் மாடி, மேலே வேறு வீடில்லை.
வில்லிவாக்கத்தின் மொத்தப் பகலும்
எங்கள் கூரைக்குள் ஊறிக் கிடக்கிறது.
குழாயைத் திறந்தால்
கேட்காமலே வெந்நீர்.

ஏசிக்குப் பதினாலு வயது.
உறுமும், ஒழுகும், நிற்க மட்டும் நிற்காது.
"புதுசு வாங்கிடலாம், பன்னிரண்டு தவணை"
என்கிறார் இளம்பரிதி
விளம்பரத் தாளாலேயே விசிறிக்கொண்டு.

ஒன்றரை டன்னா இரண்டு டன்னா
என்று கேட்கத்தான் சகாயத்தைக் கூப்பிட்டோம்.
ஸ்குரூ டிரைவரை அவன் எடுக்கவே இல்லை.
சாமி அலமாரியைக் காட்டி
ஒரே ஒரு ஊதுபத்தி கேட்டான்.
கொளுத்தி, ஜன்னல் சட்டத்தின் ஓரமாய்
மெல்ல நடத்திக்கொண்டு போனான்.
நேராய் ஏறிய புகை
ஓரிடத்தில் தலை சாய்த்தது,
கதவடியில் படுத்தே விட்டது.
"இதோ போகுது பாருங்க மேடம், உங்க கரண்ட் பில்லு."
பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தான்:
"இதுக்குக் கீழ நாலு டன் வெச்சாலும் மூச்சு வாங்கும்.
மொதல்ல மாடி. மிஷின் அப்புறம்."
புது மிஷின் விற்றால் அவனுக்குக் கமிஷன் உண்டு.
டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

மாடி எங்களுடையதில்லை.
ஏசியைக் கழற்றி டெம்போவில் ஏற்றலாம்;
வெள்ளையடித்த மொட்டை மாடியை
எந்த டெம்போவில் ஏற்றுவது?
வீட்டுக்காரம்மா மனோரஞ்சிதம் போனில்
"தாராளமா பண்ணிக்கோங்க" என்றார்.
தாராளம் என்றால்
எங்கள் காசு என்று பொருள்.

ஞாயிறு, வெயில் ஏறுமுன்
பாசி சுரண்டி, விரிசலில் சிமென்ட் அடைத்து
வெள்ளை பெயின்ட் இரண்டு பூச்சு.
இரண்டாவதில் கண் கூசி
இளம்பரிதி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்.
அவருக்கு வெள்ளை மீசை முளைத்திருந்ததை
மத்தியானம் வரை நான் சொல்லவில்லை.
கதவடிக்கு ரப்பர் பட்டை,
மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி.
ஒன்பதாயிரத்துச் சொச்சம், ஒரே தவணை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
சென்னை சென்னையாகத்தான் இருந்தது.
சுவரில் கை வைத்தேன்:
காய்ச்சல் இல்லை, வெறும் உடம்புச் சூடு.
கிழட்டு ஏசி ஒரு மணி நேரம் ஓடி
ஒரு செருமலோடு
தானாகவே நின்றது.
கெட்டுப்போச்சோ என்று இருவரும் எழுந்து உட்கார்ந்தோம்.
அந்த அமைதியில்
ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கம்
பெட்டியோடு பெட்டி மோதிக் கொக்கி மாட்டும் சத்தம்.
எத்தனை வருஷமாய் அங்கே இருந்ததோ.

ஜூலையில் மனோரஞ்சிதம் வந்தார்.
விசிறிக்குக்கூட ஏங்காமல் உட்கார்ந்து
"அட, வீடு என்னமா குளுகுளுன்னு இருக்கு" என்றார்.
அடுத்த மாதத்திலிருந்து
வாடகையில் ஐந்நூறு கூடுதல்.

இரண்டு மாத கரண்ட் பில்லில்
குறைந்தது ஆயிரத்து நானூறு.
வாடகைக்கு ஆயிரம் போக
நானூறு எங்கள் பக்கம்.
ஊதுபத்திக்கு ஆகும்.