அலமாரிக்குப் பின்னால்

அலமாரிக்குப் பின்னால் முழங்காலிட்டிருக்கிறேன்,
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு.
என்சியோ சோபாவில், கண்ணை மூடி,
மடியில் கட்டம் போட்ட நோட்டு.
வெளியே கோட்கா துறைமுகம்
பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கிறது. பிப்ரவரி.

மூன்று கேபிள்கள்.
நுனியை வெட்டிய என் கம்பளிக் காலுறைகளை
மூன்றுக்கும் மாட்டியிருக்கிறோம்,
தற்செயலாகக்கூட அவன் கண்ணில் பட்டுவிடாதபடி.
ஒன்று நீலப் பின்னல். ஒரு மீட்டர், என் அரை மாதச் சம்பளம்.
திங்கட்கிழமைக்குள் கடைக்குத் திருப்பலாம்.
ஒன்று வெள்ளிக் கம்பி, பருத்தி நூல் சுற்றியது,
தாம்பெரேயில் ஒரு பல் மருத்துவரிடம் இரவல்.
ஒன்று கறுப்பு.
சி.டி. பிளேயரோடு சும்மா வந்தது, நூடுல்ஸ் மாதிரி நெளிந்து.

கேபிள் எனக்குப் புதிதல்ல.
பதினாறு வருடமாக ரயில்வே சிக்னலில் வேலை.
மைனஸ் இருபத்தெட்டில் கையுறையைக் கழற்றி
செம்பைச் செம்போடு சேர்த்திருக்கிறேன்.
அதன் வழியே போவது இரண்டே சொல்: நில். போ.
எந்த ரயிலும் நின்று
இந்தச் சிவப்பில் கொஞ்சம் கதகதப்பு குறைகிறது
என்று சொன்னதில்லை.

"முதலாவது."
செல்லோ எழுகிறது.
வாசிக்கிறவளின் நாற்காலி ஒரே ஒரு தடவை முனகும் இடம்
வரும்வரை காத்திருக்கிறான்.
"உச்சத்தில் நன்றாக விரிகிறது. இடது பக்கம் கொஞ்சம் மெலிவு."
பேனா உரசும் சத்தம்.
"இரண்டாவது."
"பின்னணி கும்மிருட்டு. பிரமாதம். இடது, மெலிவு."
"மூன்றாவது."
"நேர்மையான கேபிள், பாவம். ஆனால் இடது..."

கோளாறு தேடுகிற பழக்கம் கைக்கு உண்டு,
அது என்னைக் கேட்காது.
நான்காவது என்று சொல்லிவிட்டுக் கேபிளை மாற்றவில்லை;
சிவப்பை வெள்ளைத் துளையிலும்
வெள்ளையைச் சிவப்பிலும் செருகினேன்.
கம்பியில் குற்றமென்றால் மெலிவு இப்போது வலப்பக்கம் தாவ வேண்டும்.

"இடது" என்றான்.

பிளக்குகளைப் பழையபடி மாற்றினேன்.
"ஐந்தாவது. திரும்பி உட்கார், சுவரைப் பார்த்து."
"இது என்ன சோதனை?"
"ரயில்வே சோதனை."
சிரித்துக்கொண்டே திரும்பினான்.
இடது ஸ்பீக்கர் இப்போது அவனுடைய வலது கைப்பக்கம்.
செல்லோ. நாற்காலி முனகியது.
"இதிலும் இடதுதான், மாரித். என்ன கேபிளோ!"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன்.
தாடை வலித்தது.

காகித ஆலையில் இருபத்திரண்டு வருடம்,
மூன்றாம் எந்திரத்துக்கு இடது தோளைக் காட்டி நின்ற வேலை.
காதை அடைத்துக்கொண்டால்
எந்திரம் பேசுவது கேட்காது என்பான்.
பேசித்தான் இருக்கிறது.

கட்டிலில் நான் அவனுக்கு இடப்பக்கம்.
அவனோ வலது கன்னத்தைத் தலையணையில் புதைத்துத் தூங்குகிறவன்.
விளக்கை அணைத்தபின் நான் சொன்ன சிலவற்றுக்கு
மௌனம் வந்தது.
அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு
இரண்டு குளிர்காலம் நடமாடியிருக்கிறேன்.

நீலம் என்று சொல்லலாம். ஒரு வருடம் சந்தோஷமாக இருப்பான்.
கறுப்பு என்றால் பணம் மிச்சம், அடுத்த மாதம்
பச்சையில் ஒன்று வரும்.

அலமாரியைச் சுற்றி வந்தேன்.
"முன்போல உட்கார். ஆறாவது."
ஆம்ப்ளிஃபையரில் யாரும் தொடாத குமிழ் ஒன்று உண்டு,
நடுவில் நின்று தூசி பிடித்தது.
அதை இடப்பக்கம் ஒரு நெல்லளவு நகர்த்தினேன்.
இன்னும் ஒரு நெல்.

அவன் பேனாவை மூடினான்.
நாற்காலி முனகும் இடம் வந்தது, போனது.
எழுதவில்லை.
"இதுதான்" என்றான் கடைசியில், கண்ணைத் திறக்காமலே.
"இது எந்தக் கேபிள்?"

கையில் ஒற்றைக் காலுறையோடு போய்
அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.