மூன்றாவது எடை

பீல் நகரம், வியாழன் இரவு.
பள்ளிக்கூட ஜிம்முக்குள் பதினெட்டு மீட்டர்.
வில்லின் முன்கம்பி நுனியில் இரண்டு எடைதான்;
மூன்றாவது பஸ்ஸில் உருண்டு
யார் காலடிக்கோ போயிற்று.

"அப்படியே எய்," என்கிறாள் கோர்னேலியா.
எய்தேன்.
அம்பு போய்விட்டது, அதிர்வு போகவில்லை.
மணிக்கட்டில், முழங்கையில்,
போன மாதம் அடைத்த கடைவாய்ப் பல்லில்
கிர்ரென்று நின்றது.

எட்டு.

பையைத் துழாவினால்
நிமலன் விட்டுப்போன சைக்கிள் பூட்டு.
சைக்கிளும் சாவியும் அவனோடு.
நாலு சுற்று கறுப்பு டேப் போட்டு
கம்பி நுனியில் கட்டினேன்.
விதிப்படி செல்லாது.
இன்றைக்குப் பரவாயில்லை.

நாண் விட்டது.
வில் சாவகாசமாகத் தலை குனிந்தது;
பூட்டு ஒருமுறை கிணுங்கியது.
பல்லுக்குச் சேதியே எட்டவில்லை.

ஏழுதான்.
கோர்னேலியா உதட்டைப் பிதுக்குகிறாள்.
நான் டேப்பை இன்னும் ஒரு சுற்று
இறுக்குகிறேன்.